கடையில் பளபளக்கும், மழையில் வழுக்கும்

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "இந்த வருஷமாவது அஞ்சடிக்கு நல்ல டைல்ஸ் போட்டுடலாம்." சனிக்கிழமை குடும்பமே காரில் ஏறி டைல்ஸ் கடைக்குப் போகும். அம்மா நிறத்தைப் பார்ப்பார். அப்பா விலையைப் பார்ப்பார். பாட்டி உட்கார நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பார். நீங்கள் கைப்பேசியைப் பார்ப்பீர்கள்.

மாணவர்களே, அடுத்த முறை அப்படிப் போகும்போது கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரு போத்தல் தண்ணீரை எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் குடும்பத்தில் உராய்வு, வெப்பம், அமிலம் ஆகியவற்றை இப்போது பாடமாகப் படித்துக்கொண்டிருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அந்தக் கடையில் பேச வேண்டியவரும் நீங்கள்தான் என்பது என் கருத்து.

இந்தக் கருத்து எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் டெரஸ் வீட்டின் அஞ்சடிக்கு டைல்ஸ் தேர்ந்தெடுத்தது நான்தான். வெள்ளை நிறம், கண்ணாடி போன்ற பளபளப்பு. போட்டு முடித்த அன்று வீடே பெரிதானது போல் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சில வாரங்கள் கழித்து, ஒரு மாலை நேர மழையில், காயப்போட்டிருந்த துணியை எடுக்க ஓடிய என் அம்மா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆண்டு எங்கள் வீட்டு வாசலில் கோலம் இல்லை.

அதே ஆண்டில்தான் படிவம் இரண்டு மாணவர்களுக்கு உராய்வு பற்றி நான் பாடம் நடத்தியிருந்தேன். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு உராய்வு விசை எந்தத் திசையில் செயல்படும் என்று காட்டிய எனக்கு, கடையில் நின்றபோது அது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கண்ணால் மட்டும் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

விழுவது சின்ன விஷயம் அல்ல. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறக்குறைய 684,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். விபத்துக் காயங்களால் ஏற்படும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இறப்பவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். இவை எல்லாவற்றுக்கும் தரைதான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டியின் கண்பார்வையையும் முழங்காலையும் நம்மால் மாற்ற முடியாது. அவர் நடக்கும் தரையை மாற்ற முடியும்.

கடை ஒரு தவறான ஆய்வுக்கூடம்

தமிழ்ப்பள்ளியில் படித்தபோதே தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதை இப்போது பயன்படுத்துங்கள். கடையில் டைல்ஸ் எந்த நிலையில் இருக்கிறது? காய்ந்திருக்கிறது. குளிரூட்டப்பட்ட அறையில் இருக்கிறது. மேலே விளக்கு வெளிச்சம். அதன்மேல் நடப்பவர் காலணியுடன், மெதுவாக நடக்கிறார். பல டைல்ஸ்கள் தரையில்கூட இல்லை. சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.

அதே டைல்ஸ் உங்கள் வீட்டு அஞ்சடிக்கு வந்ததும் என்ன ஆகும்? மதியம் வெயில் நேராக விழும். மாலையில் மழைச் சாரல் அடிக்கும். கார் டயரிலிருந்து சேறும் எண்ணெயும் ஒட்டும். வெள்ளிக்கிழமை வாசலில் ஏற்றும் விளக்கிலிருந்து நல்லெண்ணெய் சொட்டும். அதன்மேல் ஈரக்காலோடு தம்பி ஓடுவான். தேய்ந்துபோன சிலிப்பரோடு பாட்டி நடப்பார்.

கடையில் இருந்த மாறிகளில் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அப்படியானால் கடையில் பார்த்து எடுத்த முடிவு எப்படி வீட்டுக்குப் பொருந்தும்? ஒரு பொருளைப் பயன்படுத்தப்போகும் சூழ்நிலையில் வைத்துச் சோதிக்க வேண்டும். அதிலும் மிக மோசமான சூழ்நிலையில் வைத்துச் சோதிக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லவரும் ஒரே செய்தி இதுதான். அஞ்சடித் தரையை அது மிக அழகாக இருக்கும் நேரத்தை நினைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மழை பெய்யும் மாலை ஏழு மணியை நினைத்துத் தேர்ந்தெடுங்கள்.

ஈரமானால் ஏன் வழுக்குகிறது?

பளபளப்பான டைல்ஸ் காய்ந்திருக்கும்போது பெரும்பாலும் வழுக்காது. அதனால்தான் நாம் ஏமாந்துபோகிறோம். ரப்பர் அடிப்பாகம் அதன்மேல் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். தண்ணீர் சேர்ந்ததும் கதை மாறுகிறது. காலணிக்கும் தரைக்கும் இடையில் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உருவாகிறது. நாம் வேகமாகக் காலை வைக்கும்போது அந்த நீர் வெளியேற நேரம் இருப்பதில்லை. காலணி தரையைத் தொடாமல் நீரின்மேல் மிதந்துவிடுகிறது. திடப்பொருள் மேல் திடப்பொருள் உரசினால்தானே உராய்வு? நடுவில் திரவம் புகுந்துவிட்டால் அது மசகு எண்ணெயின் வேலையைச் செய்யும்.

சொரசொரப்பான தரையில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான சிறு முகடுகள் இருக்கின்றன. அவை நீர்ப்படலத்தைத் துளைத்துக்கொண்டு காலணியைத் தொடும். முகடுகளுக்கு இடையில் உள்ள பள்ளங்கள் வழியே நீர் விலகிச் செல்லும். மழையில் ஓடும் கார் டயரில் உள்ள கோடுகள் செய்யும் வேலையும் இதுதான். தேய்ந்த டயர் ஆபத்தானது என்று நமக்குத் தெரியும். தேய்ந்த சிலிப்பரோடு பளபளப்பான ஈரத்தரையில் நடப்பதும் அதே ஆபத்துதான்.

பத்துக்கு ஒன்பது அல்ல

இந்தப் பிடிமானத்தை அளக்கும் முறைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஜெர்மனியில் உருவான சாய்தளச் சோதனை. சோதிக்கப்படும் டைல்ஸை ஒரு மேடையில் பதித்து, அதன்மேல் எண்ணெய் பூசுவார்கள். பாதுகாப்புக் கயிறு கட்டிய ஒருவர், பாதுகாப்புக் காலணி அணிந்து அதன்மேல் முன்னும் பின்னும் நடப்பார். மேடையைச் சிறிது சிறிதாகச் சாய்ப்பார்கள். அவர் வழுக்கத் தொடங்கும் கோணத்தை வைத்து டைல்ஸுக்கு ஓர் எண் கிடைக்கும். 6 முதல் 10 பாகை வரை தாங்கினால் ஆர் 9. 10 முதல் 19 வரை ஆர் 10. 19 முதல் 27 வரை ஆர் 11. 27 முதல் 35 வரை ஆர் 12. அதற்கும் மேல் ஆர் 13.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஆர் 9 என்றதும் பத்துக்கு ஒன்பது புள்ளி என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். இந்த வரிசையில் ஆர் 9தான் கடைசி மாணவன்! பளபளப்பான டைல்ஸ்களில் பல அந்த அளவில்தான் நிற்கும். வரவேற்பறைக்கு அது போதலாம். மழைச் சாரல் அடிக்கும் அஞ்சடிக்கு ஆர் 11 கேட்டு வாங்குங்கள் என்பேன். சறுக்குப்பாதை போலச் சரிந்திருக்கும் பகுதி இருந்தால் ஆர் 12 பார்க்கலாம்.

வெறுங்காலுக்கு வேறு ஒரு சோதனை இருக்கிறது. அதில் எண்ணெய்க்குப் பதில் சோப்பு நீர். ஏ, பி, சி என்று மூன்று தரம். சி தரம் 24 பாகையும் அதற்கு மேலும் தாங்கும். நம் வீடுகளில் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கிறோம் என்பதால் இதையும் கேளுங்கள். டைல்ஸ் பெட்டியிலோ உற்பத்தியாளரின் விவரத்தாளிலோ இவை அச்சிடப்பட்டிருக்கலாம். விற்பவர் "இது வழுக்காது" என்று வாயால் சொன்னால், "எந்த எண்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அது அவரைச் சந்தேகப்படுவதாகாது. அளவு கேட்பது அறிவியலின் பழக்கம்.

வீட்டிலேயே ஒரு சோதனை

பெரும்பாலான கடைகளில் மாதிரித் துண்டு கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு மூன்று வகைகளை வாங்கி வாருங்கள். ஒரு பலகையின்மேல் டைல்ஸ் துண்டை நகராதபடி ஒட்டுங்கள். வீட்டில் இருக்கும் பழைய சிலிப்பர் ஒன்றை அதன்மேல் வைத்து, ஒரு கிலோ அரிசிப் பொட்டலத்தைச் சிலிப்பரில் கட்டுங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். சிலிப்பர் சறுக்கத் தொடங்கும் கோணத்தைக் கோணமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் காய்ந்த நிலையில், பிறகு தண்ணீர் ஊற்றி, பிறகு சோப்பு நீர் ஊற்றிச் செய்யுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். சிலிப்பர், அரிசியின் எடை, பலகையை உயர்த்தும் வேகம் ஆகியவற்றை மாற்றாதீர்கள். அவை உங்கள் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

படிவம் மூன்று கணிதத்தில் வரும் டேன்ஜன்ட் இங்கே கைகொடுக்கும். சறுக்கத் தொடங்கும் கோணத்தின் டேன்ஜன்ட் மதிப்புதான் நிலை உராய்வுக் குணகம். 10 பாகைக்கு அது 0.18, 20 பாகைக்கு 0.36, 30 பாகைக்கு 0.58. உங்கள் வீட்டுச் சோதனை ஜெர்மன் ஆய்வுக்கூடத்துக்கு ஈடாகாது. மெதுவாகச் சாய்க்கும் பலகையில் நீர்ப்படலத்தின் முழு விளைவும் தெரியாது. ஆனாலும் இரண்டு மாதிரிகளில் எது மேல் என்று ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். ஓர் எச்சரிக்கை: சாய்ந்த பலகையில் நீங்களே ஏறி நின்று பார்க்க வேண்டாம். அரிசிப் பொட்டலம் விழுந்தால் வலிக்காது.

பொருளைவிட மேற்பரப்பு முக்கியம்

"அஞ்சடிக்கு எந்தப் பொருள் நல்லது? போர்சிலினா, கிரானைட்டா, சிமெண்டா?" என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. அது பாதிக் கேள்விதான். கிரானைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெருகூட்டிய கிரானைட் ஈரமானால் வழுக்கும். அதே கல்லின் மேற்பரப்பைக் கடும் தீச்சுடரால் சுட்டால், அதிலுள்ள படிகங்கள் வெவ்வேறு அளவில் விரிவடைந்து சிறு சிறு சில்லுகளாகத் தெறித்துவிடும்; சொரசொரப்பான முகம் கிடைக்கும். கல் ஒன்று, முகம் இரண்டு. ஒன்று ஆளை விழவைக்கும், மற்றொன்று தாங்கும்.

சிமெண்டும் அப்படித்தான். இரும்புக் கரண்டியால் தேய்த்து வழவழப்பாக்கிய சிமெண்டுத் தரை மழையில் வழுக்கும். காய்வதற்குமுன் துடைப்பத்தால் குறுக்கே கோடு இழுத்துவிட்ட சிமெண்டுத் தரை வழுக்குவது குறைவு. எல்லாவற்றிலும் மலிவான தரை, சரியாகச் செய்தால், விலை உயர்ந்த பளிங்கைவிடப் பாதுகாப்பானதாக இருக்கும். கையில் பணம் குறைவாக இருக்கும் குடும்பங்கள் இதை வெட்கப்படாமல் தேர்ந்தெடுக்கலாம். கூழாங்கல் பதித்த சிமெண்டுத் தரையும் நல்ல பிடிமானம் தரும். ஆனால் வெறுங்காலோடு நடக்கும் முதியவர்களுக்குக் குத்தும்.

நம் நாட்டின் பழைய கட்டடங்களுக்கு இந்த வேறுபாடு தெரிந்திருந்தது. 1822ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில், கட்டடங்களின் முன்னால் மக்கள் தொடர்ந்து நடந்து செல்லக் கூரையுடன் நடைபாதை விட வேண்டும் என்ற விதி இருந்தது. அப்படி வந்த ஐந்தடிப் பாதையைத்தான் நாம் அஞ்சடி என்கிறோம். பிறகு வீட்டு முன்புறத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த ஜார்ஜ்டவுனுக்கோ மலாக்காவுக்கோ சுற்றுலா போனால், பழைய கடைவீடுகளின் அஞ்சடியைக் கவனித்துப் பாருங்கள். பூவேலைப்பாடு உள்ள பளபளப்பான ஓடுகள் பெரும்பாலும் சுவரில் இருக்கும். காலடியில் மெருகு பூசாத சிவப்புச் சுடுமண் ஓடுகளோ வண்ணச் சிமெண்டு ஓடுகளோ இருக்கும். பளபளப்பு சுவருக்கு, சொரசொரப்பு தரைக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். சுவருக்கு உரியதைத் தரைக்குக் கொண்டு வந்தது நாம்தான்.

வெயிலும் ஒரு தேர்வாளர்

மழைக்கு அடுத்து வெயில். இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் உள்ளன. தரை எவ்வளவு சூடாகும் என்பது ஒன்று. அந்தச் சூடு நம் காலுக்கு எவ்வளவு வேகமாக வரும் என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு விடை நிறத்தில் இருக்கிறது. கறுப்பு நிறம் சூரிய ஒளியை அதிகம் உட்கவரும்; வெளிர் நிறம் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். இரண்டாவது கேள்விக்கு விடை வெப்பக் கடத்தலில் இருக்கிறது. கிரானைட் மரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஒரே வெயிலில் ஒரே வெப்பநிலையில் இருந்தாலும், கல்லின்மேல் கால் வைத்தால் துள்ளுவோம். பலகையின்மேல் வைத்தால் தாங்கிக்கொள்வோம். அதற்காக மரம்தான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம் மழைக்கும் கரையானுக்கும் அது ஈடுகொடுக்க வேண்டும்; பராமரிப்பும் தேவை.

கூரை இல்லாத அஞ்சடிக்கு அடர் நிறக் கல்லைத் தவிர்ப்பது நல்லது. தூய வெள்ளையும் மதிய நேரத்தில் கண்ணைக் கூசவைக்கும். வெளிர் சாம்பல், மணல் நிறம் போன்றவை நடுவழி. மாதிரித் துண்டுகளை மதியம் 12 முதல் 2 மணி வரை வெயிலில் வைத்து, புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் உங்களுக்கே விடை தெரிந்துவிடும்.

வெயில் இன்னொரு வேலையும் செய்யும். ஆறு மீட்டர் நீளமுள்ள டைல்ஸ் தரை 30 செல்சியஸ் பாகை கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர் விரிவடையும். சிறிய அளவுதான். ஆனால் இடைவெளியே விடாமல் ஒட்டி ஒட்டிப் பதித்திருந்தால் அது எங்கே போகும்? டைல்ஸ் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கூடாரம்போல் மேலே எழும்பும். "டைல்ஸ் வெடித்துவிட்டது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே குத்தகையாளர் டைல்ஸ்களுக்கு இடையில் இடைவெளி விட்டால், "அழகாக இல்லையே" என்று தடுக்காதீர்கள். அந்தக் கோடுகள் விரிவடைய இடம் கொடுக்கின்றன. காலுக்குப் பிடிமானமும் கொடுக்கின்றன. 60 சென்டிமீட்டர் டைல்ஸுக்குப் பதிலாக 30 சென்டிமீட்டர் டைல்ஸ் போட்டால் அந்தக் கோடுகளின் மொத்த நீளம் இரு மடங்காகும். வெளித்தரைக்குச் சிறிய டைல்ஸ் நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

தண்ணீர் எங்கே போகும்?

எவ்வளவு நல்ல டைல்ஸ் வாங்கினாலும் தண்ணீர் தேங்கினால் பயனில்லை. ஒரு கணக்குப் போடுவோம். உங்கள் அஞ்சடி 6 மீட்டருக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பளவு 30 சதுர மீட்டர். கூரை இல்லாத அந்த இடத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,500 லிட்டர் தண்ணீர் சேரும். நம் ஊர்ப் புயல்மழைக்கு இது அசாதாரணமான அளவு அல்ல.

அந்தத் தண்ணீர் தானாக வடிகாலுக்கு ஓட வேண்டுமானால் தரை சாய்வாக இருக்க வேண்டும். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டர் சாய்வு என்பது எளிய கணக்கு. 6 மீட்டர் தரையில் வீட்டுப் பக்கத்துக்கும் வடிகால் பக்கத்துக்கும் 6 சென்டிமீட்டர் உயர வேறுபாடு. நடக்கும்போது அது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். டைல்ஸ் பதிக்குமுன் ஒரு கோலிக்குண்டையோ பந்தையோ உருட்டிப் பாருங்கள். அது வாசல் பக்கம் வந்தால் மழைநீரும் வாசல் பக்கம்தான் வரும். பதித்த பிறகு கண்டுபிடித்தால் உடைக்க வேண்டியதுதான்.

டைல்ஸ் நீரை உறிஞ்சுமா என்பதும் கவனிக்க வேண்டியது. போர்சிலின் தன் எடையில் 0.5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவாகவே நீரை உறிஞ்சும். சுவருக்கான சாதாரண செராமிக் ஓடுகள் 10 விழுக்காட்டுக்கும் மேல் உறிஞ்சக்கூடியவை. மாதிரித் துண்டைக் காய்ந்த நிலையில் எடை பாருங்கள். ஒரு நாள் முழுதும் நீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 2,000 கிராம் 2,010 கிராம் ஆனால் அது 0.5 விழுக்காடு. அதிகம் உறிஞ்சும் தரை நிழலான, ஈரமான இடத்தில் விரைவில் பாசி பிடிக்கும். பாசி பிடித்தால் எவ்வளவு சொரசொரப்பான தரையும் வழுக்கும். முகடுகளுக்கு நடுவில் உள்ள பள்ளங்களை அது நிரப்பிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்புறம் முழுவதையும் டைல்ஸாலும் சிமெண்டாலும் மூடிவிடாதீர்கள். ஓரத்தில் ஒரு துளசிச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் மண் விடுங்கள். ஒவ்வொரு வீடும் தன் 1,500 லிட்டரையும் வடிகாலுக்கே அனுப்பினால், தாமான் முழுவதற்கும் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். பிறகு திடீர் வெள்ளத்துக்கு யாரைக் குறை சொல்வது?

"கழுவுவது கஷ்டம்" என்பவர்களுக்கு

சொரசொரப்பான தரைக்கு எதிராக நம் வீடுகளில் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: அழுக்கு ஒட்டும், கழுவ நேரம் ஆகும். இது உண்மைதான், மறுக்க மாட்டேன். கழுவும் வேலை பெரும்பாலும் அம்மாவின் தலையில் விழுகிறது என்பதால் அவர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் வாரத்தில் பதினைந்து நிமிடம் கூடுதலாகத் தேய்ப்பதையும் ஆறு வார மாவுக்கட்டையும் தராசின் இரண்டு தட்டுகளில் வைத்துப் பாருங்கள். அந்தப் பதினைந்து நிமிடத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அம்மாவின் மறுப்பும் முடிந்துவிடும். தரையைப் பற்றிக் கருத்து சொல்ல விரும்புகிறவர் துடைப்பத்தையும் எடுக்க வேண்டும்.

அதே சமயம், மிக அதிகச் சொரசொரப்பும் தேவையில்லை. காலை இழுத்து இழுத்து நடக்கும் முதியவருக்கு அது தடுக்கும். விளையாடி விழும் குழந்தையின் முழங்காலைச் சிராய்க்கும். அளவு என்பது எல்லாவற்றுக்கும் உண்டு. அதனால்தான் ஆர் 13 என்று சொல்லாமல் ஆர் 11 என்று சொன்னேன்.

கழுவும்போது வேதியியலையும் மறக்காதீர்கள். டைல்ஸ் கழுவும் சில திரவங்களில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். பாசியைக் கொல்லப் பயன்படுத்தும் வெளுப்புத் திரவத்தில் சோடியம் ஹைப்போகுளோரைட் இருக்கும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். 1915இல் முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட நச்சு வாயு அது. "இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்னும் சுத்தமாகும்" என்று யாராவது சொன்னால் உடனே தடுங்கள். அமிலம் பளிங்குக் கல்லையும் டைல்ஸ்களுக்கு நடுவில் உள்ள சிமெண்டுக் கோட்டையும் அரித்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஏற்கெனவே போட்டுவிட்டோமே!

இதைப் படிக்கும் பலர் வீட்டில் பளபளப்பான டைல்ஸ் ஏற்கெனவே இருக்கும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தரையை மாற்றவே முடியாது. உடைத்துப் போடச் சொல்லவில்லை. வாசலிலிருந்து கேட் வரை எல்லாரும் நடக்கும் பாதையில் வழுக்காத ஒட்டுப்பட்டையை ஒட்டுங்கள். மழைச் சாரல் எந்த இடம் வரை வருகிறது என்று ஒரு நாள் உற்றறிந்து, அங்கே அடியில் ரப்பர் உள்ள விரிப்பைப் போடுங்கள். துணிக் கொடியைச் சாரல் படாத இடத்துக்கு மாற்றுங்கள். இரவில் விளக்கு எரியட்டும். பாட்டியின் சிலிப்பரைத் திருப்பிப் பாருங்கள்; அடியில் கோடுகள் தேய்ந்திருந்தால் புதிது வாங்கச் சொல்லுங்கள். இவை எல்லாம் சேர்ந்தாலும் புதிய டைல்ஸ் செலவில் சிறு பங்குதான்.

எங்கள் வீட்டில் நாங்கள் செய்ததும் இதுதான். முதலில் பட்டை ஒட்டினோம். பிறகு பணம் சேர்ந்ததும் முன்பகுதியை மட்டும் சொரசொரப்பான, சாம்பல் நிறச் சிறிய டைல்ஸாக மாற்றினோம். இந்த முறை கடைக்கு நான் தண்ணீர் போத்தலோடு போனேன். மாதிரி டைல்ஸ்மேல் ஊற்றி, காலணியைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தேன். விற்பனையாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு அவரே ஒரு துணியைக் கொண்டு வந்து, "அடுத்ததையும் பாருங்க டீச்சர்" என்றார்.

புதுத் தரையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்று பார்க்கும் அளவுக்கு அழகு இல்லை. ஆனால் கோலமாவு அதில் நன்றாகப் பிடிக்கிறது. பளபளப்பான டைல்ஸில் காற்றடித்தால் ஓடிவிடும் மாவு இதில் முகடுகளுக்கு நடுவில் தங்கிவிடுகிறது. அதுவும் உராய்வுதான். மழை நாளில் அம்மா துணி எடுக்கப் போகும்போது நான் இப்போது பதறுவதில்லை.

நீங்கள் படிக்கும் அறிவியல் எஸ்.பி.எம். தாளோடு முடிந்துவிடுவது அல்ல. அது உங்கள் வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. இன்று மாலை மழை வந்தால் உங்கள் அஞ்சடியைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள்: தண்ணீர் எங்கே தேங்குகிறது, யார் எந்த இடத்தில் நடையை மெதுவாக்குகிறார்கள், பாட்டி எதைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். கண்டதை இரவு உணவின்போது வீட்டில் சொல்லுங்கள்.